திருப்பிச் சொல்ல ஓர் ஆள்

அன்று காலை அவர் வாசலில் குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தபோது அவளுடைய ஃபோனில் ஒரு செய்தி வந்தது. ஒரு கண் அடுப்பிலிருந்த பாலிலும் ஒரு கண் திரையிலுமாக அவள் அதைச் சத்தமாகப் படித்தாள். உங்கள் பார்சலின் முகவரி முழுமையாக இல்லை, பன்னிரண்டு மணி நேரத்துக்குள் கீழே உள்ள இணைப்பை அழுத்திச் சரிசெய்யாவிட்டால் பார்சல் திருப்பி அனுப்பப்படும் என்றிருந்தது.

"திருப்பி அனுப்பப்படும்," என்று குனிந்தபடியே அவர் கடைசி வார்த்தைகளைத் திருப்பிச் சொன்னார். "நாம ஏதாவது வாங்கியிருக்கோமா?"

"இல்லையே."

"அப்ப அனுப்பட்டும். அடுத்தவன் பார்சல் நமக்கு எதுக்கு?"

அதற்குள் பால் பொங்கிவிட்டது. அவள் துணியைத் தேடி ஓடினாள். அடுப்பை அணைத்துத் திரும்பியபோது கதவு சாத்தும் சத்தம் கேட்டது. போய்வருகிறேன் என்று அவர் சொன்னாரா இல்லையா என்பது அவளுக்கு நினைவில்லை. பாலைத் துடைத்தது நினைவிருக்கிறது.

பதினொன்றே காலுக்கு ஓர் எட்டு மாடிக் கட்டடத்தில், நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவே படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தவர் சுவரில் சாய்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. லிஃப்ட் மெக்கானிக் இறந்துவிட்டார் என்று சொன்னால் கேட்கிறவர்களின் கண் தானாக மேலே போய்க் கீழே இறங்கும். அவள் ஒவ்வொருவரிடமும் அலுக்காமல் சொன்னாள், லிஃப்டின் மேல் ஒரு குற்றமும் இல்லை, மாதாந்திரச் சோதனைக்காக அது நின்றிருந்தது, அவருடைய நெஞ்சுதான் நின்றுவிட்டது என்று. அவர் பார்த்துக்கொண்ட லிஃப்டைப் பற்றி யாரும் தப்பாக நினைத்துவிடக் கூடாது. அந்த நாட்களில் அவளுக்கு அதுவே பெரிய கவலையாக இருந்தது.

லிஃப்ட் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. கூண்டின் தலைமேல் ஏறி நின்று வேலை செய்கிறவர் ஒருவர், உச்சி மாடியில் இயந்திர அறையில் சுவிட்ச் பக்கத்தில் நிற்பவர் ஒருவர். "மேலே ஒரு அடி" என்று கூண்டின் மேலிருந்து குரல் வந்தால், சுவிட்ச் பக்கத்தில் நிற்பவர் "மேலே ஒரு அடி" என்று அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். அதைக் கேட்டு, முதலில் சொன்னவர் "சரி" என்ற பிறகுதான் பொத்தானுக்குக் கை போகும். இடையில் ஒரு வார்த்தை மாறினாலும் முதலிலிருந்து. இருபத்தாறு வருஷம் அவருக்கு இப்படித் திருப்பிச் சொன்னவருக்குச் சுவிட்ச்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அந்தச் சுவிட்ச்காரரின் மனைவிகூட அப்படித்தான் கூப்பிடுவதாகக் கேள்வி.

இந்த வழக்கத்தை அவர் வீட்டுக்குள் கொண்டுவந்தது தன் தங்கை ஏமாந்த பிறகு. தங்கைக்கு வீட்டில் அவசரம் என்று பெயர். பிறக்கும்போதே ஒன்பது மாதம் காத்திருக்கப் பொறுமையில்லாமல் ஓடி வந்தவள் என்பார் அண்ணன். இரண்டு தெரு தள்ளித் தனியாக இருந்தாள். முதல் தடவை, கார் பரிசு விழுந்திருப்பதாக வந்த செய்தியை நம்பினாள். கார் ஓட்டவும் தெரியாது, நிறுத்த இடமும் கிடையாது. இரண்டாவது தடவை, சாயங்காலத்துக்குள் கரண்டைத் துண்டிக்கப் போவதாக வந்த செய்தி. மூன்றாவது தடவை நடந்ததை அவள் முழுதாகச் சொல்லவே இல்லை. "போச்சு" என்றாள், அவ்வளவுதான். முதல் இரண்டுக்கும் வீடே சிரித்தது. மூன்றாவதற்கு அண்ணன் சிரிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மனைவியையும் மகளையும் சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்து அவர் பேசினார். பெரிய பிரசங்கமெல்லாம் இல்லை. எந்தச் செய்தி எதைக் கேட்டாலும், எதை அழுத்தச் சொன்னாலும், முதலில் வீட்டில் இன்னொருவருக்குச் சத்தமாகப் படித்துக்காட்ட வேண்டும். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஃபோனில் தனியாகப் படிக்கும்போது நியாயமாகத் தெரிவது இன்னொருவர் வாயில் கேட்கும்போது பல்லிளித்துவிடும் என்பது அவர் கட்சி. யாராவது கூப்பிட்டு அவசரப்படுத்தினால் வைத்துவிட்டு, நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணில் நாமே கூப்பிட வேண்டும். வெளியூர் போனால் திரும்பி வந்த பிறகுதான் படம் போட வேண்டும், வீடு பூட்டியிருக்கிறது என்று நாமே தண்டோரா போடக் கூடாது. மகளுக்கு அப்போது பதினாறு வயது. "அப்பா, இது வீடா லிஃப்ட் கூண்டா?" என்று கேட்டாள். "கூண்டுல இதுவரைக்கும் ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. வீட்டுலதான் மூணு தடவ ஆயிருக்கு," என்றார்.

மனைவிக்கு இது புதிதில்லை. இரத்தப் பரிசோதனை நிலையத்தில் முடிவுகளைக் கொடுக்கும் மேசையில் பதினெட்டு வருஷமாக இருப்பவள். பெயரும் பிறந்த தேதியும் கேட்காமல் ஒரு தாளையும் நீட்டியதில்லை. கணவர் தன் சர்க்கரை அளவைப் பார்க்க வந்தபோது அவரிடமும் கேட்டாள். அவர் பின்னால் நின்ற வரிசையைப் பார்த்துவிட்டு, "கல்யாணத் தேதி சொன்னா குடுப்பீங்களா மேடம்?" என்றார். கொடுக்கவில்லை.

அவர் செய்த பெரிய காரியம் பாஸ்வேர்டு. லிஃப்டின் கரண்டை நிறுத்திவிட்டு இருவர் வேலை செய்யும்போது மெயின் சுவிட்சில் இரண்டு பூட்டு தொங்கும். ஆளுக்கு ஒரு பூட்டு, அவரவர் சாவி அவரவர் பையில். இருவரும் தங்கள் பூட்டைக் கழற்றினால்தான் சுவிட்ச் மேலே போகும். வீட்டின் படங்கள், பத்திரங்கள், மகளின் சான்றிதழ்கள் எல்லாம் இருந்த இணையக் கணக்குக்கும் அவர் அப்படியே செய்தார். பாஸ்வேர்டில் முதல் பாதி அவருடையது, பின் பாதி அவளுடையது. ஒருவர் பாதி இன்னொருவருக்குத் தெரியாது. எவன் எவ்வளவு இனிக்க இனிக்கப் பேசினாலும் ஒருவரை மட்டும் ஏமாற்றி உள்ளே நுழைய முடியாது. சமையலறை மேடையில் டேப்லெட்டை வைத்து அவர் தட்டும்போது அவள் பிரிட்ஜைப் பார்த்து நிற்பாள். அவள் தட்டும்போது அவர் பிரிட்ஜைப் பார்த்து நிற்பார். வேலை முடிந்ததும் கணக்கை மூடி வெளியே வந்துவிட வேண்டும். தண்டனை வாங்கிய பிள்ளைகளைப் போல அப்பாவும் அம்மாவும் மாறி மாறித் திரும்பி நிற்பதை மகள் தோழிகளிடம் நடித்துக்காட்டியிருக்கிறாள்.

ஒரு காலையில் அவர் ஒரு பழுப்பு உறையோடு வந்தார். "ஆளுக்கு ஒரு சீட்டுல எழுதி ஒட்டி உள்ள வச்சிடலாம். யாருக்கு எப்ப என்னன்னு…" என்று ஆரம்பித்தார். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "விடிஞ்சதும் விடியாததுமா இதுதான் பேச்சா? வேற வேலை இல்லையா உங்களுக்கு?" அவர் பேச்சை விட்டுவிட்டார். அந்த உறையில் பிறகு வாஷிங் மெஷின் ரசீது குடியேறியது.

அவர் போன இருபதாம் நாள், வேறு ஊரில் வேலை பார்க்கும் மகள் திரும்பிப் போவதற்காகப் பெட்டியை அடுக்கிக்கொண்டே கேட்டாள். "அம்மா, அப்பா குரல் எதுலயாவது இருக்கா?"

இருவரும் யோசித்தார்கள். அவர் குரல் செய்தி அனுப்புகிற ஆளே இல்லை. எதற்கும் "சரி" என்று இரண்டு எழுத்து தட்டுவார், தப்பித் தவறிப் பெரிய சந்தோஷமென்றால் "சரி சரி". படம் எடுக்கும் நேரமெல்லாம் அவர்தான் எடுத்தவர், வாயைத் திறக்காமல் எடுத்தவர். பிறகு இருவருக்கும் ஒரே சமயத்தில் நினைவு வந்தது. ஒத்திகை.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை லிஃப்டில் ஆள் சிக்கிக்கொண்டால் எப்படி மீட்பது என்று ஒத்திகை நடக்கும். அதைப் பார்த்து வீட்டிலும் ஒருநாள் ஒத்திகை நடத்தினார். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, குரலைத் தடிக்க வைத்துக்கொண்டு, வங்கி அதிகாரியாக அவளுடைய ஃபோனுக்குக் கூப்பிட்டார். அவள் ஸ்பீக்கரில் போட, மகள் டேப்லெட்டில் பதிவு செய்தாள். அந்தப் பதிவு கணக்குக்குள் இருந்தது. வேறெங்கும் இல்லை. அவருடைய குரல் இந்த உலகத்தில் மிச்சம் இருந்தது அந்த ஓர் இடத்தில்தான், அதுவும் ஒரு மோசடிக்காரனின் குரலாக.

டேப்லெட் பெட்டியின் மேல் ஏறியது. அவளுடைய பாதி அவள் விரல் நுனியில் இருந்தது. அவர் பாதிக்கு இருவரும் யோசித்தார்கள். மகளின் செல்லப் பெயர். அவள் பிறந்த நாள். அவர் முதன்முதலில் பொருத்திய லிஃப்டின் எண். திருமண நாள். சில தடவைக்கு மேல் கணக்கு கதவைச் சாத்திக்கொண்டு நாளை வா என்றது. மறுநாள் மகள் ஃபோனில் கூப்பிட்டு வேறு சில சொன்னாள். அதுவும் இல்லை. நாலாம் நாள் மகளே சொன்னாள், "அம்மா, நாம முட்டாள்தனமா தேடுறோம். அப்பாதானே சொன்னாரு, பிடிச்சத பாஸ்வேர்டா வைக்காதே, பிடிச்சது ஊருக்கே தெரியும்னு." அவர் சொன்னால் சொன்னபடி நடக்கிறவர். அவருக்கு எதன் மேல் ஆசை என்று எவ்வளவுக்கு அவர்களுக்குத் தெரிந்ததோ அவ்வளவுக்கு அது பாஸ்வேர்டு இல்லை என்பதும் நிச்சயம்.

பாஸ்வேர்டு மறந்தவர்களுக்குக் கணக்கிலிருந்து ஒரு எண் வரும். ஆனால் அது அவருடைய ஃபோனுக்கு வரும். அந்த ஃபோன் அவர் சாய்ந்தபோது கையிலிருந்து நழுவி, படிக்கட்டின் நடுக்கிணற்றில் நாலு மாடி விழுந்து சிம்மோடு தூளாகிவிட்டது. அதே எண்ணில் புது சிம் கேட்டுப் போனால், இறந்தவர் பெயரில் கொடுக்க வழியில்லை என்று கடையில் கையை விரித்துவிட்டார்கள். நிறுவனத்துக்கே விண்ணப்பிக்கலாம், சான்றிதழ்கள் வேண்டும், வாரக்கணக்கில் ஆகும், கொடுத்தாலும் கொடுப்பார்கள் கொடுக்காமலும் இருப்பார்கள் என்று மகள் படித்துச் சொன்னாள். வாரக்கணக்கு என்ற சொல்லே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. அந்த உறை அவள் கண் முன்னால் வந்து வந்து போனது. அன்று வாயை மூடிக்கொண்டு ஒரு சீட்டை எழுதியிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்?

சுவிட்ச்காரர் ஒரு மாலை வந்தார். தோளில் இறந்தவருடைய கருவிப் பை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு சிவப்புப் பூட்டை எடுத்து மேசையில் வைத்தார். அதன் வளையம் வெட்டப்பட்டிருந்தது.

"அன்னைக்கி மாப்ள பூட்டு சுவிட்சுல தொங்கிட்டிருந்துச்சு தங்கச்சி. சாவி அவர் சட்டைப் பையில, சட்டை ஆஸ்பத்திரியில. என் பூட்ட நான் கழட்டிட்டேன். அவரோடத யார் கழட்டுறது?"

இன்னொருவர் பூட்டில் யாரும் கை வைக்கக் கூடாது என்பது சட்டம். பூட்டுக்காரர் கட்டடத்தில் இல்லை என்று நேரில் பார்த்து, எழுதி, இரண்டு பேர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வெட்டலாம். அலுவலகத்திலிருந்து ஆள் வர இரண்டு நாள் ஆயிற்று. எட்டு மாடிக்காரர்களும் இரண்டு நாள் படியேறித் திட்டினார்கள். "பக்கத்துலயே வெட்டுற கத்திரி இருந்துச்சு. ஒரு நிமிஷ வேலை. நான் வெட்டல," என்றார் சுவிட்ச்காரர். "வெட்டினா அவர் கோவிச்சுக்குவார்னு இல்ல. முறைப்படி வெட்டினாத்தான் அவர் வெளிய வந்துட்டார்னு அர்த்தம்."

கணக்கைப் பற்றி அவரிடம் கேட்டாள். பாதியை எப்போதாவது சொல்லியிருப்பாரா? சுவிட்ச்காரர் தலையை ஆட்டினார். சாவியைக் கொடுக்கிற ஆளா அவர் என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்.

முறைப்படி என்ற சொல் அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தால் 'இறந்தவருக்கும் உங்களுக்கும் உள்ள உறவு' என்ற கட்டத்திலேயே எழுந்துவிடுவாள். ஒரு விடுமுறை நாள் மதியம் அப்படி எழுந்தவள், வேறு வழி இருக்குமா என்று ஃபோனில் தேடினாள். மூடிய கணக்கைத் திறக்க உதவி எண் என்று முதலிலேயே ஒன்று வந்து நின்றது. கூப்பிட்டாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தான் ஒருவன்.

இவ்வளவு பொறுமையான குரலை அவள் சமீபத்தில் கேட்டதில்லை. முழுதாகக் கேட்டான். நடுவில் குறுக்கிடவில்லை. "உங்க மனசு எனக்குப் புரியுதும்மா. எங்கப்பா போனப்ப நானும் இப்படித்தான் அலைஞ்சேன். பத்து நிமிஷம் குடுங்க, சார் குரல உங்க கையில தர்றேன்." பெயர் கேட்டான், சொன்னாள். பிறந்த தேதி கேட்டான். பதினெட்டு வருஷமாக ஊராரிடம் கேட்டவள், தன்னுடையதை ஒரு கேள்வியும் கேட்காமல் சொன்னாள். ஓர் ஆப்பை இறக்கச் சொன்னான், இறக்கினாள். லைனை வைக்காமலே செய்யுங்கள் என்றான், செய்தாள். கடைசியாகத் திரையில் ஒரு கட்டம் வந்தது. அனுமதி என்று ஒரு பொத்தான்.

ஏழு வருஷப் பழக்கம், அவளைக் கேட்காமல் வாய் திறந்து படித்தது. "உங்கள் திரையில் உள்ள அனைத்தையும் பார்க்கவும் இயக்கவும் இந்த ஆப்பை அனுமதிக்கிறீர்களா."

படித்து முடித்து நின்றாள். யாரும் திருப்பிச் சொல்லவில்லை. துணி காயும் கம்பி காற்றில் ஒருமுறை ஆடியது. வீடு அவ்வளவு அமைதியாக இருந்ததை அந்த ஐந்து வாரத்தில் அவள் அப்போதுதான் கேட்டாள்.

"படிக்கல்லாம் வேணாம்மா," என்றான் அவன். "அழுத்துங்க."

அந்த அவசரம் அவனுடைய குரலில் முதல் தடவையாக எட்டிப் பார்த்தது. வாசலில் யாரோ வந்திருக்கிறார்கள், ஐந்து நிமிஷத்தில் கூப்பிடுகிறேன் என்று பொய் சொல்லி வைத்தாள். ஆனாலும் மனம் அவன் பக்கம்தான் இருந்தது. பத்து நிமிஷம் என்கிறானே, உண்மையாகவே இருந்துவிட்டால்? முறைக்காக ஒருவரிடம் படித்துக்காட்டிவிட்டு அழுத்திவிடலாம் என்று மகளைக் கூப்பிட்டாள். மகள் எடுக்கவில்லை. அடுத்து யார்? இதற்கெல்லாம் கூப்பிடவே கூடாது என்று வீடே முடிவு செய்து வைத்திருந்த ஒரே ஆள்தான் மிச்சம்.

அவசரம் முதல் மணியிலேயே எடுத்தாள். அவள் கட்டத்தில் இருந்ததை அப்படியே படித்தாள்.

வாழ்க்கையில் முதல் தடவையாக நாத்தனார் பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டாள். பிறகு மெதுவாக ஒவ்வொரு வார்த்தையாகத் திருப்பிச் சொன்னாள். "பார்க்கவும்… இயக்கவும்… அனுமதி." மூச்சை இழுத்துவிட்டுக் கேட்டாள். "அண்ணி, லைன வைக்காதீங்கன்னு சொன்னானா?"

"சொன்னான்."

"அவங்கப்பாவும் செத்துப்போயிட்டாருன்னு சொன்னானா?"

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"எனக்கு அவங்கம்மா செத்துப்போயிட்டாங்கன்னு சொன்னான். நான் அழுதேன் அண்ணி, அவனுக்காக. மூணாவது தடவ நடந்தது இதுதான். அந்த ஆப்பப் போட்டா ஃபோன் நம்ம கையிலதான் இருக்கும், விரல் அவனோடதா இருக்கும். நான் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கேன், என் ஃபோன்ல என் கண்ணு முன்னாடி தானா எல்லாம் திறக்குது, தானா மூடுது. அண்ணன்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு. அழுத்திட்டீங்களா?"

"இல்ல."

"தூக்குங்க அந்த ஆப்ப. நான் வர்றேன். நான் வர்ற வரைக்கும் அவன் கூப்பிட்டா எடுக்காதீங்க. அவன் நல்லாப் பேசுவான்."

பத்து நிமிஷத்தில் அவசரம் வந்தாள். தலையில் ஷாம்பு நுரை பாதி அப்படியே இருந்தது, செருப்பு இரண்டும் வேறு வேறு ஜோடி. உள்ளே வந்ததும் ஃபோனை வாங்கி, தான் ஒருமுறை வங்கி வங்கியாக அலைந்து கற்றுக்கொண்டதையெல்லாம் வரிசையாகச் செய்தாள். ஆப் போய்விட்டதா என்று பார்த்தாள். வங்கி அட்டையின் பின்னால் அச்சிட்டிருந்த எண்ணைக் கூப்பிட்டு, பெயரும் பிறந்த தேதியும் வெளியே போயிருக்கிறது, கவனம் என்று சொல்ல வைத்தாள். ஒவ்வொரு பாஸ்வேர்டாக மாற்ற வைத்தாள். அவன் நாலு தடவை கூப்பிட்டான். நாலு தடவையும் இருவரும் ஃபோன் மேசையில் நடுங்குவதை உட்கார்ந்து பார்த்தார்கள். ஐந்தாவது தடவை கூப்பிடவில்லை.

"இத்தனை வருஷம் உன்னைக் கிண்டல் பண்ணினோம்," என்றாள் அவள்.

"பண்ணினா என்ன? உங்களுக்காவது இப்ப உதவிச்சே. மூணு தடவ காலேஜ் ஃபீஸ் கட்டியிருக்கேன், ஒரு ஆளாவது பாஸ் ஆகட்டும்." சொல்லிவிட்டு அவசரம் அழுதாள். அண்ணனுக்காக அவள் அழுததை அண்ணி அன்றுதான் பார்த்தாள். சாவு வீட்டில் வந்தவர்களுக்கெல்லாம் காபி கொடுப்பதிலேயே அவள் ஓடிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கே விண்ணப்பத்தை நிரப்பினார்கள். அவள் கட்டத்தைப் படிப்பாள், அவசரம் திருப்பிச் சொல்வாள், அவள் எழுதுவாள். உறவு என்ற கட்டம் வந்தபோது அவசரம் "மனைவி" என்று சத்தமாகச் சொன்னாள். சொன்ன பிறகு எழுத வந்துவிட்டது. சாட்சிக்கு ஒருவர் வேண்டும் என்றிருந்த இடத்தில் அவசரம் கையெழுத்துப் போட்டாள், இரண்டு தடவை சரிபார்த்து. சாயங்காலம் மகள் கூப்பிட்டபோது நடந்ததைச் சொன்னார்கள். மகள் முழுதும் கேட்டுவிட்டு, "அத்தை, இனிமே அம்மாவுக்கு நீங்கதான் சுவிட்ச்காரர்," என்றாள். அவசரத்துக்குப் பெருமை பிடிபடவில்லை. அதிலிருந்து மளிகைக் கடைச் சலுகைச் செய்தி வந்தாலும் எனக்குப் படித்துக்காட்டுங்கள் என்று ஆரம்பித்துவிட்டாள். ஒருநாளைக்கு ஆறு தடவை ஃபோன் அடிக்கும்.

ஏழு வாரம் ஆயிற்று. நடுவில் நிறுவனம் இரண்டு தடவை வேறு வேறு தாள் கேட்டது, இரண்டு தடவையும் அனுப்பினார்கள். எட்டாவது வாரம், ஒரு ஞாயிறு காலையில் மின்னஞ்சல் வந்தது. உங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டது, கணக்கு நிரந்தரமாக மூடப்படும், அதிலிருந்த கோப்புகளின் பிரதியைக் கீழே உள்ள இணைப்பை அழுத்திப் பதினைந்து நாட்களுக்குள் பெற்றுக்கொள்ளலாம் என்றிருந்தது.

அவள் சத்தமாகப் படித்தாள். அவசரம் திருப்பிச் சொன்னாள். வீடியோ அழைப்பில், திரையில் மகள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். படித்து முடித்ததும் மூவரும் அந்த நீல எழுத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"அழுத்து அழுத்துன்னு வருதே," என்றாள் அவசரம்.

"நிஜமா இருந்தாலும் அழுத்தச் சொல்லித்தானே வரும்?" என்றாள் அவள்.

"அதான் அண்ணி கஷ்டமே. கள்ளனும் கதவத்தான் தட்டுறான், விருந்தாளியும் கதவத்தான் தட்டுறான்."

மகள் சிரித்துவிட்டாள். பிறகு சொன்னாள், இணைப்பை அழுத்தவே வேண்டாம், விண்ணப்பம் போட்ட பக்கத்துக்கு நாமே போவோம், அனுப்பியிருந்தால் அங்கேயும் இருக்கும் என்று. அவள் முகவரியை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள். அவசரம் பின்னாலிருந்து ஒவ்வோர் எழுத்தையும் சொன்னாள். உள்ளே, விண்ணப்ப எண்ணுக்கு நேரே, அதே செய்தி இருந்தது. அப்போதும் அவசரம் உடனே விடவில்லை. தேதியைப் பார்த்தாள், எண்ணைப் பார்த்தாள், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தாள். ஒன்பது மாதம் காத்திருக்க முடியாமல் பிறந்தவள் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். "சரி," என்றாள் கடைசியில். அவள் அழுத்தினாள்.

இறங்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அதற்குள் புதுக் கணக்கு ஒன்று திறந்து, பாஸ்வேர்டின் ஒரு பாதியை அவளும் ஒரு பாதியை அவசரமும் வைத்தார்கள். ஆளுக்கு ஒரு சீட்டில் எழுதி ஒட்டி, மகளுக்குப் பதிவுத் தபாலில் அனுப்ப எடுத்து வைத்தார்கள். இந்தத் தடவை யாரும் அதை அபசகுனம் என்று சொல்லவில்லை.

கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. மகளின் பள்ளிச் சான்றிதழ்கள், வீட்டுப் பத்திரம், ஏதோ ஒரு லிஃப்டின் பற்சக்கரத்தைப் பக்கத்திலிருந்து எடுத்த முப்பது படங்கள். ஒலிப்பதிவு என்று ஒன்றே ஒன்று. மூவரும் நகர்ந்து உட்கார்ந்தார்கள். அவள் தட்டினாள்.

முதலில் தண்ணீர் சொட்டும் சத்தம், குளியலறைக் குழாய். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு அவர். குரலைத் தடிக்க வைக்கிறேன் என்று சளி பிடித்தவர் போல ஆரம்பித்தார். மேடம், நான் வங்கியிலிருந்து பேசுகிறேன், உங்கள் கணக்கை இன்றே மூடப்போகிறோம் என்றார். மூடிக்கொள்ளுங்கள் சார், எனக்கு அடுப்பில் வேலை இருக்கிறது என்று பதிவில் இருந்த அவள் சொன்னாள். அவசரம் வாயைப் பொத்திக்கொண்டாள். மேடம், உங்கள் பாதியை மட்டும் சொன்னால் போதும், உங்கள் வீட்டுக்காரர் தன் பாதியைச் சொல்லிவிட்டார் என்றார் அவர்.

"அவர் சொல்ல மாட்டார் சார்."

"சொல்லிட்டாரே மேடம். நல்ல மனுஷன்."

"சொன்னா அவர் நல்ல மனுஷனே இல்ல சார்."

பதிவில் மகள் சிரிக்கிற சத்தம் டேப்லெட்டையே குலுக்கியது. திரையில் இருந்த மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டே கூடச் சிரித்தாள். அவர் மிரட்டிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், தன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றார். உங்கள் பிறந்த தேதி சொல்லுங்கள் சார் என்று அவள் திருப்பிக் கேட்டாள். கடைசியில் தடித்த குரல் கழன்று விழுந்து அவருடைய சொந்தக் குரல் வந்தது, குளியலறைச் சுவரில் பட்டு இரண்டாகக் கேட்டது.

"அடியே, என்கிட்டகூடவா? ஒரே ஒரு எழுத்து சொல்லேன்."

"மாட்டேன்."

பதிவு நாலு நிமிஷம் பதினோரு விநாடி. கடைசி வரை அவள் சொல்லவில்லை.